முப்பத்தாறு சொன்னால் சரி

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள நாளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா நிற்பாள். கம்பெனியில் வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவள் முப்பத்தாறு. அது வயசு இல்லை, டோக்கன் நம்பரும் இல்லை. அவளுடைய பிரா அளவு.

யாரும் சிரிக்க வேண்டாம். பிரா தைக்கிற கம்பெனியில் அது ஒரு பதவி. புது மாடல் எதுவானாலும் முதலில் முப்பத்தாறில்தான் வெட்டித் தைப்பார்கள். அந்த ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் மற்ற அளவுகளை அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் போடுவார்கள். சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்பதைத் துணி சொல்லாது, இஞ்சு டேப்பும் சொல்லாது. ஒரு உடம்புதான் சொல்ல வேண்டும். பிசிறு வெட்டுகிற வேலைக்கு வந்த இவளைப் பார்த்த பார்வையிலேயே, மாடலுக்கு அளவு வரைந்து வெட்டுகிற பேட்டர்ன் மாஸ்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அந்த உடம்பு இவளுடையது.

மாஸ்டரம்மா என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பேட்டர்ன் மாஸ்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கண்ணாடி போட்டால் துணியைப் பார்க்கிறாள் என்று அர்த்தம், கழற்றினால் யாரையோ திட்டப் போகிறாள் என்று அர்த்தம். முதலாளியையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். ஆனால் ஃபிட்டிங் ரூமுக்குள் வந்துவிட்டால் வாயே திறக்க மாட்டாள், முப்பத்தாறு பேசுவதற்காகக் காத்திருப்பாள்.

வெட்டுகிற மேஜைகளுக்குப் பின்னால் பலகை வைத்து அடைத்த சின்ன அறை அது. ஒரு டியூப் லைட், மூன்று பக்கக் கண்ணாடி, ஒரு ஸ்டூல். முப்பத்தாறு சாம்பிளைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுப்பது போலக் கையைத் தூக்குவாள். கீழே விழுந்த சாவியைப் பொறுக்குவது போலக் குனிவாள். உட்காருவாள், எழுந்திருப்பாள், இருமுவாள். அப்புறம் கண்ணைத் திறக்காமலே சொல்வாள்: "இடது பக்கம் கப்புக்கு அடியில வயர் முனை முட்டுது, ஒரு நூல் அளவு. வலது கப்புல மேல் தையல் உறுத்துது. பின்பட்டை மேல ஏறுது." மாஸ்டரம்மா சொன்ன இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போடுவாள். பிரித்துத் தைத்து வந்ததும் முப்பத்தாறு மறுபடியும் போட்டுப் பார்ப்பாள். கடைசியில் "சரி" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் மொத்தத் துணியிலும் கத்தரி விழும்.

அவளுக்கு வயசு நாற்பதைத் தாண்டியது. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த உடம்பு. நடுவில் ஒரு வயிற்றுக் கோளாறில் ஆள் பாதியாகி, மறுபடி தேறி வந்தாள். தேறியது ஆள்தான், மார்பு தேறவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாஸ்டரம்மா டேப் வைத்து அளப்பது வழக்கம். முன்பெல்லாம் அளந்ததை வாய்விட்டுச் சொல்லி, "அப்படியே இருக்கேடி, ஐஸ்பெட்டியில வச்ச மாதிரி" என்று கிண்டல் செய்வாள். இப்போது "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்கிறாள். அந்த "ம்" முப்பத்தாறின் காதில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் டீ வேளையில் ஃபிட்டிங் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் உள்ளே கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மாஸ்டரம்மாவின் டேப் அவளைச் சுற்றியிருந்தது. தன் இடத்துக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று முப்பத்தாறு முடிவு செய்துகொண்டாள். பிசிறு வெட்டப் போ என்று அனுப்பினால் போய்விட்டுப் போகிறாள், கை இருக்கிறது, கத்தரி இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணை நாளைக்கு முப்பத்தாறு என்று கூப்பிட ஆரம்பித்தால் இவளை என்னவென்று கூப்பிடுவார்கள்?

நேராகப் போய் மாஸ்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, அவ்வளவுதான் செலவு. கேட்கவில்லை. பயந்தவர்கள் கேட்க மாட்டார்கள், தாங்களே ஒரு பதிலை வைத்துக்கொண்டு அதற்கு வைத்தியம் தேடுவார்கள்.

அவள் தேடிப் போனது பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம். டாக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, நிதானமான ஆள். முப்பத்தாறு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தையல்காரரிடம் அளவு கொடுப்பது போல மடமடவென்று ஒப்பித்தாள்.

"கழுத்துக் குழியிலேர்ந்து காம்பு வரைக்கும் இருபத்தொரு சென்டிமீட்டர் வேணும் டாக்டர். இப்போ இருபத்தஞ்சரைக்கு இறங்கிடுச்சு. மேல்பக்கம் காலியா இருக்கு, அது நிரம்பணும். சுத்தளவு மட்டும் மாறக் கூடாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இங்க வர்றவங்க சினிமாக்காரி படத்தைக் காட்டுவாங்க. இதுவரைக்கும் யாரும் சென்டிமீட்டர்ல கேட்டதில்ல. என்ன வேலை பாக்கறீங்க?"

"துணிக் கம்பெனி. செக்கிங்."

வெளியில் கேட்பவர்களுக்கு எல்லாம் அவள் சொல்லும் பதில் அதுதான். மாமியாருக்கும் அப்படித்தான் தெரியும். பிரா போட்டுக் காட்டுவது என் உத்தியோகம் என்று எந்த வாயால் சொல்வது?

டாக்டர் பரிசோதித்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார், விரலால் தாங்கிப் பார்த்தார். திரும்ப வந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"உங்க உடம்புக்கு எது ஏத்ததுன்னு சொல்றேன், அப்புறம் உங்க இஷ்டம். உங்களுக்குச் சதை போதுமான அளவு இருக்கு. தோல்தான் தொளதொளன்னு ஆயிடுச்சு. வெறும் சிலிகான் பை மட்டும் உள்ள வச்சா கொஞ்ச நாள் எடுப்பா இருக்கும், அப்புறம் அந்தப் பாரமும் சேந்து கீழ இழுக்கும். அது உங்களுக்கு வேண்டாம். மிச்சத் தோலை எடுத்துட்டுக் கொஞ்சம் தூக்கித் தச்சாப் போதும். நான் சொல்றது அதுதான். ஒண்ணுமே பண்ணாம விட்டாலும் தப்பில்ல, இது வியாதி இல்லையே."

"நான் சொன்ன அளவு வந்துடுமா டாக்டர்?"

"வராது. அந்த அளவுதான் வேணும்னா நிறையத் தூக்கணும், மேல்பக்கத்துக்குப் பையும் வைக்கணும். ரெண்டையும் ஒண்ணாப் பண்ணா நரம்பு அடிபட வாய்ப்பு ஜாஸ்தி. உணர்ச்சி குறையலாம். சில பேருக்கு ஒரு வருஷத்துல திரும்பி வரும், சில பேருக்கு வராமலே போயிடும். அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்."

முப்பத்தாறுக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டர் படுக்கையறை விஷயத்தைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு டாக்டர்? அது கிடக்கட்டும், நீங்க அளவைப் பாருங்க" என்று சிரித்தாள்.

இந்த இடத்தில்தான் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும். இருபது வருஷமாக அவள் தின்ற சோறு அந்த உணர்ச்சி போட்டது. டேப்பில் அளக்கக்கூடியதைத்தான் கம்பெனி வாங்குகிறது என்று அவள் எப்படியோ நம்பிவிட்டாள். உண்மையான வேலையைச் சொல்லியிருந்தால் அந்த டாக்டர் கத்தியையே எடுத்திருக்க மாட்டார். அவள் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். விஷயத்தைக் கேட்டதும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல், "எனக்கு ஒண்ணும் குறையாத் தெரியலையே" என்றார்.

"உங்களுக்காகன்னு யார் சொன்னா?"

"அதுவும் சரிதான்" என்று மீதியைச் சாப்பிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், எதிர்த்துப் பேசத் தெரியாது. பணம் எப்படிப் புரண்டது என்ற கதை இங்கே வேண்டாம், அது எல்லா வீட்டுக் கதையும்தான். உடம்புக்கு முடியவில்லை, ஒரு சின்ன ஆபரேஷன் என்று கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

காயம் ஆறித் திரும்பி வந்த அன்று ஃபிட்டிங் ரூமில் மேல் துணியை எடுத்ததும் மாஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். திட்டு விழும் என்று முப்பத்தாறு காத்திருந்தாள். விழவில்லை.

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"அளந்து பாருங்க மாஸ்டரம்மா. அளவு சரியா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

மாஸ்டரம்மா அளந்தாள். இருபத்தொன்று. சுற்றளவு இம்மி பிசகவில்லை. "சரியாத்தான் இருக்கு" என்றாள், டேப்பைச் சுருட்டினாள், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். "நீ இறங்கினா நானும் பேட்டர்னை உன்கூடவே இறக்கிக்கிட்டு வந்தேன். வாங்கறவங்களும் உன் வயசுக்காரிங்கதானே, அவங்களுக்கு மட்டும் இறங்காதா? இந்த ரெண்டு வருஷமாத் திருப்பி வர்ற உருப்படி குறைஞ்சிருக்கு தெரியுமா? எல்லாம் உன்னாலதான்."

"பின்ன அந்தப் பேக்கிங் பொண்ணு?"

"அவளா? சின்னப் பொண்ணுங்களுக்குன்னு ஒரு மாடல் வருது, அதுக்கு முப்பத்திரெண்டுல ஆள் தேடிக்கிட்டிருந்தேன். அவ எப்படி முப்பத்தாறு ஆவா? ஈர்க்குச்சி மாதிரி இருக்கா."

முப்பத்தாறு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. செய்தது செய்தாகிவிட்டது, இனி அதை நல்லது என்று நினைத்துக்கொள்வதுதான் வழி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்கும் வழி இல்லாமல் போனது. முதல் சாம்பிளைப் போட்டுக்கொண்டு வழக்கம் போலக் கண்ணை மூடினாள். கையைத் தூக்கினாள், குனிந்தாள், இருமினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் குனிந்தாள். மார்பின் கீழ்ப்பாதி முழுக்க, பக்கவாட்டிலும், யாரோ வேறொருத்தியின் உடம்பு போல இருந்தது. மாஸ்டரம்மா சாக்பீஸோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"இடது பக்கம் வயர் முனை கொஞ்சம் முட்டுது" என்றாள் முப்பத்தாறு. எல்லா மாடலிலும் முதல் தடவை அங்கேதான் முட்டும். மாஸ்டரம்மா கோடு போட்டாள். நாக்கு கூசாமல் சொன்ன முதல் பொய் அது. பலித்துவிட்டது என்பதுதான் கொடுமை.

ஒரு வருஷம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, அதைப் பிடித்துக்கொண்டாள். குளிக்கும்போது சுடுதண்ணீரை ஊற்றிப் பார்ப்பாள், தோல் சிவக்கும், சூடு தெரியாது. ஒரு நாள் வீட்டுக்காரர் பக்கத்தில் படுத்திருந்தவர் கையை வைத்தார். அவர் கை அங்கே இருப்பதை அவள் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். வலித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

கம்பெனியில் பிழைப்பு ஓடியது. இருபது வருஷ ஞாபகம் சும்மா போகுமா? எந்த வயர் எங்கே கடிக்கும், எந்த எலாஸ்டிக் எப்போது ஏறும் என்று வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. சாம்பிளைக் கழற்றியதும் பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடியில் சிவந்த தடம் பார்ப்பாள். தடம் இருந்தால் திரும்பி வந்து, "இப்போதான் தோணுது, கீழ கொஞ்சம் உறுத்தின மாதிரி இருந்துச்சு" என்பாள். திருட்டு வேலைதான். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க யாரும் இல்லை, ஏனென்றால் யாரும் சந்தேகப்படவே இல்லை.

அப்போதுதான் அந்தப் புது மாடல் வந்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண்களுக்காக என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கேட்டது. புது மாதிரி வயர், பழைய வளைவு இல்லை, மேலே பஞ்சு மாதிரி உறை. ஞாபகத்தில் இருந்து சொல்ல இவளுக்கு அதில் எந்த ஞாபகமும் இல்லை. போட்டாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், பாத்ரூமில் பார்த்தாள். தடம் இல்லை. கால் மணி நேரத்தில் அது தடம் போடாது, ஐந்தாறு மணி நேரம் கழித்துத்தான் உள்ளுக்குள் கடிக்கத் தொடங்கும் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? சொல்ல வேண்டிய தோல்தான் பேசாமல் கிடந்ததே.

"சரி" என்றாள். கத்தரி விழுந்தது.

கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் முதலில் தைத்ததில் சிலவற்றைக் கம்பெனிப் பெண்களுக்கே கொடுப்பார்கள். இரண்டு வாரம் போட்டுப் பார்த்துக் குறை இருந்தால் மாஸ்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். அது எழுதி வைத்த முறை. எழுதாத முறை ஒன்றும் இருந்தது: மாஸ்டரம்மாவிடம் போவதற்கு முன்னால் எல்லாரும் முப்பத்தாறிடம் வருவார்கள். மாஸ்டரம்மாவிடம் உளறி வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கும் ஆசை இல்லை.

சாப்பாட்டு வேளையில் தோள்பட்டி தைக்கிறவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "கீழ ஒரு மாதிரி கடிக்குதுக்கா, உனக்கும் கடிச்சுதா?"

முப்பத்தாறு தண்ணீர் குடித்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லையே."

"அப்ப நான்தான் வெயிட் போட்டுட்டேன். இனிமே ராத்திரி சோத்தைக் குறைக்கணும்" என்று அவள் இடுப்பைக் கிள்ளிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி, தனக்கு மார்பு ஒன்று பெரிசு ஒன்று சின்னது, அதனால்தான் இருக்கும் என்றாள். மூன்றாமவள் தன் தோலே ஒரு தினுசு, எதுவும் ஒத்துக்கொள்ளாது என்றாள். ஆளாளுக்கு ஒரு குறையை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார்கள். இப்போது சொல்லிவிடலாம் என்று முப்பத்தாறு வாயைக்கூடத் திறந்தாள். பெல் அடித்தது, எல்லாரும் எழுந்து போனார்கள். அவளும் மென்று விழுங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

ஹூக் தைக்கிற மிஷினில் ரேடியோ இருந்தாள். விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் பேச்சு நிற்காது என்பதால் அந்தப் பெயர். முப்பத்தாறு வேலைக்குச் சேர்ந்த அதே மாதம் சேர்ந்தவள். என்ன ஆபரேஷன் என்று கம்பெனியில் மாஸ்டரம்மாவைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும். உடம்பில் சர்க்கரை, வாயில் அதைவிடச் சர்க்கரை. அந்த இரண்டு வாரத்தில் ரேடியோ கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். "என்னடி, பேட்டரி போயிடுச்சா?" என்று மிஷின்காரிகள் கிண்டல் செய்தார்கள். பிறகு ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முப்பத்தாறு போய்ப் பார்த்தாள். மாடியில் ஒற்றை அறை. ஜன்னல் ஓரம் கட்டில், ஸ்டூல் மேல் மாத்திரை அட்டைகள், மருந்துக்கடைப் பஞ்சு. ரேடியோ தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து சாய்ந்திருந்தாள். காய்ச்சலில் கண் உள்ளே போயிருந்தது.

"என்னடி ஆச்சு? சர்க்கரை ஏறிடுச்சா?"

"சர்க்கரையும் ஏறிடுச்சு." ரேடியோ தயங்கிவிட்டு நைட்டியின் பொத்தானை அவிழ்த்து, பஞ்சை விலக்கிக் காட்டினாள். மார்புக்குக் கீழே, மடிப்பு நெடுக, அரை வட்டமாகப் புண். ஓரம் கறுத்து நடுவில் சீழ் கட்டியிருந்தது. வயர் எப்படி வளைந்திருந்ததோ அப்படியே புண்ணும் வளைந்திருந்தது. முப்பத்தாறுக்கு அதைப் பார்த்ததும் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை நாளா இது?"

"போட்ட ரெண்டு மூணு நாள்லேயே ஆரம்பிச்சுடுச்சு."

"அப்பவே கழட்டி எறிய வேண்டியதுதானே பாவி! மாஸ்டரம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே!"

"என்னன்னு போய்ச் சொல்றது? நீ போட்டுப் பாத்து சரின்னுட்டே. தோள்பட்டிக்காரி கேட்டதுக்கும் உனக்கு ஒண்ணும் இல்லன்னே. அப்போ தப்பு உருப்படியில இல்லதானே? பழகினா சரியாயிடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன்." ரேடியோ பஞ்சை மறுபடி வைத்து அழுத்தினாள். பிறகு கூச்சத்தோடு, "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். சிரிக்கக் கூடாது. உன் டாக்டர் விலாசம் குடேன்" என்றாள்.

"எதுக்கு?"

"புண்ணு ஆறினதும் ஒரு தடவை போய்க் காட்டலாம்னுதான். எனக்கு அமைப்பு சரியில்லடி. அகலமா, இறங்கி, எதுவும் உக்கார மாட்டேங்குது. உனக்குப் பண்ண மாதிரி எனக்கும் வெட்டித் தச்சுட்டா எதைப் போட்டாலும் கடிக்காதில்ல?"

முப்பத்தாறு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டது போதாதென்று, இத்தனை பெண்களை அவரவர் உடம்பின் மேலேயே குற்றம் சாட்ட வைத்துவிட்டாள். அதுவும் இந்த ரேடியோவை.

"உன் உடம்புல ஒரு கோளாறும் இல்லடி" என்றாள். "எனக்குத்தான் அங்க உணர்ச்சி இல்ல. ஆபரேஷன்லேர்ந்தே இல்ல. நான் சொன்னதெல்லாம் சும்மா சொன்னது."

ரேடியோ சிரித்தாள். "விளையாடாதே."

"கிள்ளிப் பாரு." முப்பத்தாறு அவள் கையை இழுத்துத் தன் ரவிக்கையின் பக்கவாட்டில் வைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. முப்பத்தாறு காத்திருந்தாள். "கிள்ளேன்டி, ஏன் சும்மா இருக்கே?" என்றாள்.

பதில் வராததால் திரும்பினாள். ரேடியோவின் விரல்கள் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக் கிள்ளிக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. மெதுவாகக் கையை எடுத்தாள்.

"எனக்கு வலிச்சுதேடி" என்றாள். "நிஜமாவே வலிச்சுது. நான் என்னைத்தான் திட்டிக்கிட்டேன்."

கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம். ரேடியோ கோபப்படக்கூட இல்லை, சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். முப்பத்தாறு போனை எடுத்தாள். இதைச் சொன்னால் வேலை போகும், பெயர் போகும், மாஸ்டரம்மாவின் முகத்தில் இனி விழிக்க முடியாது. எல்லாம் தெரிந்துதான் எண்ணை அழுத்தினாள். சரக்கு இன்னும் கிடங்கில் இருந்தால் நிறுத்திவிடலாம் என்ற ஒரே எண்ணம்தான் அவளைப் பேச வைத்தது.

"மாஸ்டரம்மா, அந்தப் புது மாடல் இன்னும் கிடங்குலதானே இருக்கு?"

"எந்த உலகத்துல இருக்கே? வெள்ளிக்கிழமையே கப்பல் ஏறிடுச்சு. ஏன், என்ன?"

"ரெண்டு வாரம் போட்டுப் பாத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒருத்தி வாயத் திறக்கலையே. நீயும் சரின்னுட்டே. அப்புறம் யாருக்காகக் காத்திருக்கணும்?"

முப்பத்தாறு சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள், டாக்டர் கேட்டதிலிருந்து, முதல் பொய்யிலிருந்து, ரேடியோவின் புண் வரைக்கும்.

"அவங்க என்கிட்டதான் வந்து கேட்டாங்க மாஸ்டரம்மா. எனக்கு ஒண்ணும் இல்லன்னு நான்தான் சொல்லிட்டேன். அதனாலதான் யாரும் உங்ககிட்ட வரலை."

மாஸ்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது. "ஆபரேஷனுக்கு அப்புறம் எத்தனை மாடலுக்குச் சரி சொன்னே? ஒவ்வொண்ணாச் சொல்லு" என்றாள். அவள் குரலில் முதல் தடவையாக வயசு தெரிந்தது.

முப்பத்தாறு சொல்லத் தொடங்கினாள். கறுப்பு லேஸ், முன் ஹூக், பால் கொடுப்பவர்களுக்கானது, அகலப் பட்டை. எதில் ஊகித்துச் சொன்னாள், எதில் தடம் பார்த்துச் சொன்னாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ரேடியோ சுவரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கைப் போட யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் புது மாடலின் பெயர் கடைசியில் வந்தபோது முப்பத்தாறின் வாய் நின்றுவிட்டது. முகம் தெரியாத ஊரில், நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் சட்டையை அவிழ்த்து, தன் உடம்பில் என்ன கோளாறு என்று தேடப் போகிற ஒருத்தியை அவள் நினைத்துக்கொண்டாள். அவளிடம் போய்ச் சொல்ல முப்பத்தாறுக்கு வழியே இல்லை.